எட்டாம் வள்ளல்

நல்லதொரு வீடியோ கேமைச் செய்து முடிக்க அரை ஆண்டாவது பிடிக்கும் என்ற மூடநம்பிக்கை 1982 ஜூலை வரை அமெரிக்காவில் நிலவிவந்தது. அதை வேரோடு களைந்த புகழ் மேன்மை தங்கிய அட்டாரி நிறுவனத்தைச் சேரும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' திரைப்படம் அந்த ஜூனில்தான் வெளிவந்திருந்தது. திரையரங்குகளில் குழந்தைகளும் அவர்களைக் கூட்டிவந்த பெரியவர்களும் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் கண்ணீர் காய்வதற்குள் அதைக் காசாக்கிவிட வேண்டும் என்ற பரிவு, அட்டாரியை உடைமையாகக் கொண்டிருந்த வார்னர் குழுமத்தின் திருவுள்ளத்தில் சுரந்தது. கேம் உரிமைக்காக அளந்து கொட்டிய தொகை இரண்டு கோடி டாலருக்குக் குறையாது என்பார்கள். பேச்சுவார்த்தை சாவகாசமாக நடந்து முடிந்தபோது ஜூலைக் கடைசி. கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வர வேண்டுமானால் செப்டம்பர் பிறப்பதற்குள் கேம் தயாராக வேண்டும். ஆக, பேரம் பேசியவர்களுக்கு வேண்டிய மட்டும் நேரம்; உட்கார்ந்து செய்யப்போகிறவருக்கு ஐந்து வாரம். காலத்தை இத்தனை நீதியோடு பங்கிட்ட நிர்வாகம் வேறு உண்டா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஐந்து வாரத்தைப் பெறும் பேறு ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற இளைஞருக்கு வாய்த்தது. 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற கேமுக்கு ஏழு மாதம் எடுத்துக்கொண்டவர் அவர். அட்டாரியின் மிகச் சிறந்த கேம்களில் ஒன்று என்று அதை இன்றும் சிலர் சிலாகிக்கிறார்கள். சிலாகிக்கட்டும். ஏழு மாதம் கொடுத்தால் எவர்தான் நல்ல கேம் செய்ய மாட்டார்? அதில் நிர்வாகத்துக்கு என்ன கீர்த்தி இருக்கிறது? ஐந்து வாரத்தில், எட்டு கிலோபைட் இடத்துக்குள், ஒரு வேற்றுக்கிரகவாசியையும் ஒரு சிறுவனையும் ஒரு விஞ்ஞானியையும் ஒரு எஃப்பிஐ அதிகாரியையும் ஒரு காட்டையும் ஒரு விண்கலத்தையும் அடைத்துக் காட்டினாரே, அங்கேதான் தலைமை நிர்வாகிகளின் தீர்க்கதரிசனம் ஒளிர்கிறது. பரீட்சித்துப் பார்க்க நேரமில்லாததால் அந்தச் செலவும் மிச்சமானது.

இனி அந்தக் கேமில் நிறைந்திருக்கும் திருக்குழிகளின் மகிமைக்கு வருவோம். வேற்றுக்கிரகவாசியான ஈ.டி. உடைந்த தொலைபேசியின் மூன்று துண்டுகளைத் தேடியெடுத்து, வீட்டுக்குப் பேசி, விண்கலத்தை வரவழைக்க வேண்டும். துண்டுகள் குழிகளுக்குள் கிடக்கின்றன. திரையில் பச்சைத் தரை. அதில் கரும்பச்சையாகக் குழிகள். ஜாய்ஸ்டிக்கை லேசாகத் தட்டுகிறீர்கள், ஈ.டி. ஓரடி வைக்கிறது, உள்ளே விழுகிறது. பொத்தானை அழுத்தினால் அதன் கழுத்து நீள்கிறது. கழுத்தை நீட்டியபடியே, கோயில் தேர் நிலைக்கு வரும் நிதானத்தில், அது மேலெழுந்து வருகிறது. கரை சேர்கிறது. நீங்கள் பெருமூச்சு விட்டபடி ஜாய்ஸ்டிக்கைத் தொடுகிறீர்கள். மீண்டும் அதே குழி. கால் தரையில்தானே இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. உடம்பின் எந்தப் புள்ளி குழியின் ஓரத்தைத் தொட்டாலும் முழு உடம்பும் உள்ளே போய்விட வேண்டும் என்பது அங்கே சட்டம். தலை லேசாக உரசினாலும் போதும். மேலும் கீழும் பேதம் பாராட்டாத இப்படிப்பட்ட சமநீதி எந்த ராஜ்ஜியத்தில் உண்டு?

ஆட்டம் தொடங்கும்போது ஈ.டி.யின் உயிர்ச்சக்தி 9999. வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அது தேய்கிறது. விழுந்தாலும் தேய்கிறது, எழுந்தாலும் தேய்கிறது. சிரமப்பட்டு ஒரு துண்டை எடுத்துவிட்டால், எஃப்பிஐ அதிகாரி எங்கிருந்தோ வந்து அதைப் பறித்துக்கொண்டு போகிறார். அவரிடம் தப்பினால் விஞ்ஞானி வந்து உங்களையே தூக்கிக்கொண்டு போய் வாஷிங்டனில் விடுகிறார். அரசாங்கம் என்றால் என்ன, முயற்சி என்றால் என்ன, வாழ்க்கை என்றால் என்ன என்பதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே மாலையில் கற்றுக்கொடுத்த பாடநூல் இது. இதைக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்த பெற்றோரைப் பிள்ளைகள் மறந்திருக்கவே மாட்டார்கள்.

அட்டாரியின் தன்னம்பிக்கையைப் பாடாமல் விட்டால் பாவம் சேரும். அதே ஆண்டு வெளியிட்ட 'பேக்மேன்' கேமை, அதை ஓட்டும் கன்சோல்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக உற்பத்தி செய்தார்கள் என்பது அந்தத் தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் பெருமை. சட்டைகளைவிடப் பொத்தான்கள் அதிகமாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்ற விசால மனம். அந்த மனத்தோடுதான் 'ஈ.டி.'யையும் ஏறத்தாழ 40 லட்சம் அடித்தார்கள். பெரும்பகுதி திரும்பிவந்தது. 1983-ல் அட்டாரி ஐம்பது கோடி டாலருக்கு மேல் இழந்தது. தான் சரிந்தால் தொழில் முழுவதும் கூடச் சரிய வேண்டும் என்ற தோழமையோடு சரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், விற்காத சரக்கை லாரி லாரியாக நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் அலமகோர்டோவுக்குக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் புதைத்து, மேலே கான்கிரீட்டையும் ஊற்றினார்கள். மன்னர்களுக்குக்கூட மண்ணோடு போகிற அடக்கம்தான். இந்தக் கார்ட்ரிட்ஜுகளுக்குக் கிடைத்தது கான்கிரீட் சமாதி. 2014 ஏப்ரல் 26 அன்று அதைத் தோண்டி எடுத்தார்கள். பாலைவனக் காற்றில் நின்று கைதட்ட ஒரு கூட்டமே வந்திருந்தது. ஆயிரத்துச் சொச்சம் கார்ட்ரிட்ஜுகள் மேலே வந்தன. ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. பல ஏலத்துக்குப் போயின. கடையில் புதிதாக இருந்தபோது திருப்பிக் கொடுத்த பண்டத்தைக் குப்பையில் ஊறவைத்த பிறகு மக்கள் போட்டிபோட்டு வாங்கினார்கள் என்றால், முதிரவைத்து விற்பதன் சூட்சுமத்தை அட்டாரி எவ்வளவு முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டும்!

இந்த மரபைக் கட்டிக்காத்தவர்களில் பிரான்ஸ் நாட்டு டைட்டஸ் நிறுவனத்தாருக்கு ஒரு வணக்கமாவது வைத்துவிட்டுப் போக வேண்டும். 1999-ல் நிண்டெண்டோ 64-க்கு 'சூப்பர்மேன்' தந்தவர்கள். உலகத்தையே தூக்கும் வீரனை வரிசையாக வளையங்களுக்குள் நுழைந்து நுழைந்து பறக்கவிட்டார்கள். பலசாலிக்குப் பணிவைக் கற்பிப்பதே கல்வி. தூரத்துக் கட்டடங்கள் தெரியாதபடி நகரெங்கும் மூடுபனி. கன்சோலுக்கு வரைய முடியவில்லை என்று மற்றவர்கள் நாணியிருப்பார்கள். இவர்களோ அது கிரிப்டோனைட் பனி, வில்லன் லெக்ஸ் லூத்தரின் சூழ்ச்சி என்று கதையிலேயே எழுதிவிட்டார்கள். தன் கையாலாகாத்தனத்தை எதிரியின் சதி என்று சொல்லும் கலை அரசியலுக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள்.

ஆனால் தத்துவ உயரம் என்று ஒன்றைப் பேசப் புகுந்தால், 2003-ல் ஸ்டெல்லர் ஸ்டோன் நிறுவனம் கணினிக்குச் செய்து அருளிய 'பிக் ரிக்ஸ்: ஓவர் தி ரோட் ரேசிங்' முன்னால் மற்றதெல்லாம் மண்டியிட வேண்டும். கள்ளச்சரக்கு ஏற்றிக்கொண்டு, போலீஸுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு பறக்கும் பெருலாரிகளின் சாகசத்தை அட்டைப்பெட்டி வாக்களிக்கிறது. உள்ளே சரக்கும் இல்லை, போலீஸும் இல்லை. குற்றமே நடக்காத உலகில் காவலுக்கு என்ன வேலை? உலகம் மாயை என்று நிறுவ ஆதிசங்கரர் பாஷ்யம் பாஷ்யமாக எழுதினார்; படித்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். பிக் ரிக்ஸில் விசையைத் தட்டிய உடனே லாரி வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. மரத்துக்குள் போகிறது, விளக்குக் கம்பத்துக்குள் போகிறது. செங்குத்தான மலையில் வேகம் ஒரு துளியும் குறையாமல் ஏறுகிறது. பாலம் என்று கண்ணுக்குத் தெரிவதன்மேல் ஏற்றினால் பாலம் லாரியைத் தாங்குவதில்லை, ஏனெனில் பாலமும் தோற்றம்தான். இதைவிடத் தெளிவாக அத்வைதத்தை விளக்கிக்காட்டிய மென்பொருள் எதையும் நான் அறியேன்.

எதிரில் போட்டிக்கு ஒரு லாரி நிற்கிறது. நிற்கிறது என்றால் நிற்கிறதுதான். நீங்கள் புறப்பட்டாலும் அது புறப்படாது. ஊரைச் சுற்றி வந்தாலும் தொடங்கிய கோட்டிலேயே பற்றற்று வீற்றிருக்கும். சில லௌகீகர்கள் முறையிட்டதால் நிறுவனம் பிற்பாடு ஒரு பேட்ச் வெளியிட்டது. அதைப் போட்டால் எதிராளி லாரி ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது, முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. வெற்றியைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கும் இந்தச் சால்பைப் பார்த்துக் கண் கலங்காதவர் கல் நெஞ்சர்.

பின்னோக்கி ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் போக வேகக் கட்டுப்பாடு உண்டு, ரிவர்ஸுக்கு இல்லை. விரலை எடுக்காமல் இருந்தால் வேகம் ஏறிக்கொண்டே போய் ஒளியையும் தோற்கடிக்கும் எண்ணைத் தொடும். விரலை எடுத்த கணமே லாரி அசையாமல் நிற்கும். ஒரு குலுக்கல்கூட இருக்காது. நியூட்டனிடமும் ஐன்ஸ்டைனிடமும் ஒரே வீச்சில் கணக்குத் தீர்த்த பெருமை வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை. இத்தனையும் கடந்து கோட்டைத் தொட்டால், சில சமயம் ஒழுங்காகத் தொடாவிட்டாலும், மூன்று கைப்பிடி வைத்த ஒரு கோப்பை தோன்றி, இலக்கணத்தைச் சுமையென்று வழியிலேயே இறக்கிவைத்துவிட்ட ஓர் ஆங்கில வாசகத்தால் உங்களை வாழ்த்துகிறது. 'கேம்ஸ்பாட்' இணையதளம் இதற்கு வழங்கிய மதிப்பெண் பத்துக்கு 1.0. அந்த அளவுகோலில் அதற்குக் கீழே எண் கிடையாது. உச்சியைத் தொட்டவர்கள் உலகில் நிறைய உண்டு. அடித்தளத்தைத் தொட்டு நின்றவர் மிகச் சிலரே.

இப்படிச் சொல்லிவிட்டு நவீனர்களைக் குறைத்தேன் என்று யாரும் கருதிவிடக் கூடாது. பழையவர்கள் என்னதான் மேதைகளாக இருந்தாலும் ஒரே ஒரு பிழை செய்தார்கள்: பொருளை ஒரு முறைதான் விற்றார்கள். இதைத் திருத்த வந்த திருவாளர்களைப் பாட நம் சங்கப் புலவர்கள் இல்லையே என்பதுதான் என் ஏக்கம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வை போர்த்திய பேகன் என்று ஏழு வள்ளல்களோடு கணக்கை முடித்துவிட்டார்கள். எட்டாமவர் 2006 ஏப்ரலில் தோன்றினார். பெதஸ்தா நிறுவனம் 'ஆப்ளிவியன்' என்ற பிரம்மாண்டமான கேமை மார்ச்சில் முழு விலைக்கு விற்றிருந்தது. அதில் ஆட்டக்காரர் ஏறிச் செல்லும் குதிரை பாவம், வெற்றுடம்போடு நிற்கிறதே என்று அவர்களுக்கு இரக்கம் பிறந்தது. குதிரைக்கு ஒரு கவசம் செய்து தந்தார்கள். விலை இரண்டரை டாலர். பேகனின் ஈகையில் இருந்த ஓட்டை இங்கே அடைபட்டது. மயிலிடம் காசு வாங்கலாம் என்று அந்த ஆவியர் கோமானுக்குத் தோன்றாமலே போய்விட்டது. உலகம் சிரித்தது. சிரித்தபடியே பலர் வாங்கினார்கள். 2025-ல் அதே கேமைப் புதுப்பித்து வெளியிட்டபோது, கூடுதல் விலையுள்ள டீலக்ஸ் பதிப்பில் புத்தம்புதிய குதிரைக் கவசங்கள் காத்திருந்தன. வள்ளல்தன்மை வயதானால் வற்றிவிடும் என்று யார் சொன்னது?

குதிரைக் கவசத்திலாவது, எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது கொடுப்பவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கொச்சையான வெளிப்படைத்தன்மையை நீக்கி நாகரிகப்படுத்தியது லூட் பாக்ஸ். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. காசு மட்டும் முதலில். 2017 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அத்தகைய பெட்டிகளோடு 'ஸ்டார் வார்ஸ்: பேட்டில்ஃபிரன்ட் 2' கேமை உலகுக்கு ஈந்தது. அறுபது டாலர் கொடுத்து வாங்கியவருக்கு டார்த் வேடராக ஆட ஆசை. அவரைப் பெற 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும் என்றார்கள். ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: சுமார் நாற்பது மணி நேரம் ஆட வேண்டும். ஒரு வார உத்தியோகம். தீமையின் திருவுருவமாக இருப்பது எளிதில் கிடைக்கும் பதவியா என்ன?

முறையிட்டவர்களுக்கு நிறுவனம் மனமிரங்கி விளக்கம் அருளியது: பெருமிதமும் சாதித்த நிறைவும் உங்களுக்கு உண்டாக வேண்டும் என்பதற்காகவே இவ்வாறு வைத்தோம் என்று. அந்தச் சில வரிகளுக்கு ரெடிட் தளத்தில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர் வாக்குகள் விழுந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. கேமில் சாதனை உணர்வு கிடைக்குமோ கிடைக்காதோ, நிறுவனம் சொந்தமாக ஒரு சாதனையைக் கைக்கொண்டது. பிறகு விலையை முக்கால்வாசி குறைத்தார்கள். கதைப் பகுதியை ஆடி முடித்தால் கிடைக்கும் 20,000 கிரெடிட் பரிசையும் ஓசைப்படாமல் 5,000 ஆக்கினார்கள். வலக்கை கொடுத்ததை இடக்கை அறியக் கூடாது என்பார்கள்; இங்கே இடக்கைக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

2018-ல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம், 'ஃபிஃபா 18' உள்ளிட்ட கேம்களின் லூட் பாக்ஸ் சூதாட்டமே என்று அறிவித்தது. ரசனையற்ற நாடு. மறு ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அழைத்துக் கேட்டபோது, குழந்தைகள் உடைத்துப் பார்க்கும் பொம்மை ஒளித்த சாக்லேட் முட்டை எப்படியோ அப்படித்தான் இதுவும், நெறிக்கு உட்பட்டதுதான் என்று எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பிரதிநிதி எடுத்துரைத்தார். உவமை கச்சிதம். முட்டையைத் தின்ற பிறகு அப்பாவின் கிரெடிட் கார்டு எண்ணைச் சேமித்துவைத்துக்கொள்ளும் வசதி மட்டும் அந்தச் சாக்லேட் கம்பெனிக்கு இன்னும் கைகூடவில்லை.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் பெருமக்களையும் இங்கே நினைந்துகொள்கிறேன். 'சைபர்பங்க் 2077' 2012-ல் அறிவிக்கப்பட்டு 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் ஆர்வத்தோடு திறந்தார்கள். மனிதர்கள் கைகளை இருபுறமும் நீட்டிச் சிலுவைபோல் நின்றார்கள், கார்கள் வானத்திலிருந்து வந்தன, கேம் தானே மூடிக்கொண்டது. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்துப் பணத்தைத் திருப்பித் தந்தது. அட்டாரிக்கு ஐந்து வாரத்தில் சாத்தியமானதை எட்டு ஆண்டு காத்திருக்கவைத்தும் செய்யலாம் என்று நிரூபித்தார்கள். அவசரம்தான் காரணம் என்று அட்டாரிமேல் பழி சுமத்தியவர்கள் வாயடைத்தார்கள். (பின்னாளில் பேட்ச் மேல் பேட்ச் போட்டு அதை நல்ல கேமாக்கிவிட்டார்கள் என்பது வருந்தத்தக்கது; அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.) முன்பெல்லாம் குறை காணும் சோதனையாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அவர்கள் அறுபது டாலர் கட்டிவிட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்டின் 'தி க்ரூ'. 2014-ல் வந்த கார் பந்தய கேம். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாகத் தந்தது. நியூயார்க்கிலிருந்து மேற்குக் கடலோரம் வரை தனியாக ஒரு மனிதர் இரவில் காரோட்ட விரும்பினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆக வேண்டும். தனிமையில் ஒருவரைத் தனியே விடாத தாயுள்ளம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். ஓடாத கேமின் பெயர் கணக்கில் கிடந்து உறுத்தக் கூடாதே என்று, வாங்கியவர்களின் டிஜிட்டல் அலமாரியிலிருந்து உரிமத்தையும் நீக்கிக் கொடுத்தார்கள். அட்டாரி லாரி பிடித்து, பள்ளம் தோண்டி, கான்கிரீட் குழைத்துச் சாதித்ததை இவர்கள் ஆள் கூலி இல்லாமல் முடித்தார்கள். எந்தப் பாலைவனத்தில் எவர் போய்த் தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. கலிபோர்னியாவில் இரண்டு பேர் வழக்குத் தொடுத்தார்கள். விற்றது கேமை அல்ல, ஆடிக்கொள்ளும் அனுமதியை மட்டுமே என்று நிறுவனம் பதிலளித்தது. கடையில் ரசீது போட்டபோது இதைச் சொல்லியிருந்தால் வாங்கியவர் மனம் புண்பட்டிருக்கும். பத்தாண்டு பொறுத்துச் சொன்ன பண்பை நீதிமன்றம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

டிஸ்க்காக வாங்கியவர்களிடம் அந்த டிஸ்க் மட்டும் இன்னும் இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்காத பெருந்தன்மையையும் நான் குறித்துவைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். காபி டம்ளருக்கு அடியில் வைக்க அளவு சரியாகப் பொருந்துகிறது. சூடும் மேசையில் இறங்குவதில்லை. இந்தப் பயன்பாட்டுக்குச் சர்வர் இணைப்பு தேவை என்று இதுவரை அறிவிப்பு எதுவும் வரவில்லை.